டைனோசர் குட்டிகளும் சம்பளக் கணக்கும்

2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒரு வழக்கின் ஆவணங்கள் வெளியே வந்தன. வழக்கு ஐ.பி.எம். நிறுவனத்தின் மீது. ஆவணங்களில் அந்த நிறுவனத்தின் மேல்மட்ட அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்கள் இருந்தன. அவற்றில் வயதான ஊழியர்களுக்கு ஒரு பட்டப்பெயர்: 'டைனோபேபி'. அதாவது டைனோசர் குட்டிகள்! அவர்களை அழிந்துபோன இனமாக்கிவிட வேண்டும் என்ற திட்டமும் அதே மின்னஞ்சலில் இருந்தது.

எழுதியவர்கள் இப்போது நிறுவனத்தில் இல்லை, அந்த மொழி எங்கள் மொழி அல்ல, வயதைப் பார்த்து யாரையும் அனுப்பியதில்லை என்று ஐ.பி.எம். சொன்னது. ஆதாரமாக ஓர் எண்ணையும் காட்டியது. 2010ல் அதன் அமெரிக்க ஊழியர்களின் இடைநிலை வயது 48, 2020லும் அதே 48. நியாயமாகப் பார்த்தால் இது ஒரேயடியாகத் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. 48 ஒன்றும் வாலிப வயது அல்லவே. ஆனால் புள்ளியியல் தாளில் தேறிய எவருக்கும் இதில் உள்ள ஓட்டை தெரிந்துவிடும். உள்ளே மீதி இருப்பவர்களின் இடைநிலை வயது வேறு, வெளியே தள்ளப்பட்டவர்களின் வயது வேறு. கேட்ட கேள்வி இரண்டாவதைப் பற்றியது, கிடைத்த பதில் முதலாவதைப் பற்றியது.

இரண்டாவதைத் தேடிப் போனவர்களும் இருக்கிறார்கள். 2018 மார்ச்சில் ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் மதர் ஜோன்ஸ் இதழுடன் சேர்ந்து ஒரு நீண்ட விசாரணையை வெளியிட்டது. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 20,000க்கும் அதிகமான அமெரிக்க ஊழியர்களை ஐ.பி.எம். வெளியேற்றியது என்பது அவர்களின் மதிப்பீடு. அந்தக் காலத்தில் நடந்த மொத்த ஆட்குறைப்பில் இது சுமார் 60 சதவீதம். 2020 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையமும் 2013 முதல் 2018 வரையிலான நடவடிக்கைகளைப் பார்த்துவிட்டு, வயதுப் பாகுபாடு நடந்ததாக நம்ப நியாயமான காரணம் இருக்கிறது என்று முடிவு சொன்னது. ஆட்குறைப்புக்குப் பரிசீலிக்கப்பட்டவர்களில் 85 சதவீதத்துக்கு மேல் வயது கூடியவர்கள் என்பது ஆணையத்தின் கணக்கு.

இதில் எல்லோரும் 'டைனோபேபி'யைத்தான் பிடித்துக்கொண்டார்கள். செய்தித்தாள்களுக்கு நல்ல தலைப்பு கிடைத்தது. ஆனால் கோபம் தவறான இடத்தில் செலவாகிறது. திட்டி மின்னஞ்சல் எழுதும் அதிகாரி முட்டாள், எப்போதாவது ஒருநாள் மாட்டிக்கொள்வார். புத்திசாலியான அதிகாரிக்கு யாரையும் திட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஊழியர் பட்டியலை எக்செலில் திறந்து, சம்பளம் என்ற நெடுவரிசையை மேலிருந்து கீழாக அடுக்கி, முதல் நூறு பேரை எடுத்துவிட்டால் போதும். வயது என்ற நெடுவரிசையைப் பட்டியலிலிருந்து அழித்தேவிடலாம். வரும் விடை ஒன்றுதான்.

எப்படி என்று கேட்பவர்கள் ஐ.டி. கம்பெனிகளின் 'பிரமிட்' கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு புராஜெக்ட்டுக்கு வாடிக்கையாளர் கொடுக்கும் தொகை ஏறத்தாழ நிலையானது. அதில் லாபம் கூட வேண்டுமானால் தலைக்கு ஆகும் சராசரிச் செலவு குறைய வேண்டும். அடியில் புதியவர்கள் நிறைய, உச்சியில் அனுபவசாலிகள் கொஞ்சம் என்றிருந்தால் சராசரி குறையும். ஆண்டுகள் போகப் போக எல்லோருக்கும் சம்பளம் ஏறும், பிரமிட் நடுவில் வயிறு போடும். அந்த வயிற்றைக் கரைப்பதற்குத்தான் 'மறுசீரமைப்பு' என்று பெயர். உதாரணத்துக்கு, ஆண்டுக்கு 24 லட்சம் வாங்கும் ஒருவரை அனுப்பினால் நான்கு லட்சத்துக்கு ஆறு பேரை எடுக்கலாம். 24 லட்சம் வாங்குபவருக்கு வயது 25 இருக்குமா, 47 இருக்குமா?

"நாங்கள் வயதைப் பார்க்கவில்லை, செலவைத்தான் பார்த்தோம்." உலகம் முழுவதும் ஒரே பதில் இது. இந்தப் பதிலுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு வழி வைத்துக்கொடுத்தது என்பதுதான் வேதனை.

அமெரிக்காவில் இதற்கென்று தனிச் சட்டம் 1967லேயே வந்துவிட்டது. முதலில் 40 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்குப் பாதுகாப்பு. 1978ல் மேல் வரம்பு 70 ஆனது, 1986ல் பெரும்பாலான வேலைகளுக்கு மேல் வரம்பே எடுக்கப்பட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1993ல் ஹேசன் பேப்பர் வழக்கு வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு காகிதக் கம்பெனி, 62 வயது ஊழியர். பத்தாண்டு சர்வீஸ் முடிந்தால் பென்ஷன் உரிமை வந்துவிடும், அதற்குச் சில வாரங்களே பாக்கி. அந்த நேரத்தில் வேலையை விட்டு அனுப்பினார்கள். பென்ஷனைத் தவிர்ப்பதற்காக அனுப்பியிருந்தால் அது பென்ஷன் சட்டப்படி குற்றம், ஆனால் அதை மட்டும் வைத்து வயதுப் பாகுபாடு என்று சொல்லிவிட முடியாது என்றது உச்ச நீதிமன்றம். வயது வேறு, சர்வீஸ் ஆண்டுகள் வேறு என்பது தர்க்கம்.

தர்க்கம் சரிதான். இருபது வயதில் சேர்ந்தவர் முப்பதிலேயே பத்தாண்டு சர்வீஸ் முடித்திருப்பார், அறுபதில் சேர்ந்தவருக்கு ஓராண்டு சர்வீஸ்தான் இருக்கும். ஆனால் இப்படிப் பிரித்துப் பார்த்தால் உலகத்தில் எந்தப் பாகுபாடும் மிஞ்சாது. 'உன் வயதுக்காக இல்லை, வயதோடு கூடவே வரும் சம்பளத்துக்காக, சர்வீஸுக்காக, பென்ஷனுக்காக' என்று அடுக்கிக்கொண்டே போகலாம். வீட்டுக்கு அனுப்பப்பட்டவருக்கு இந்த வேறுபாட்டால் என்ன லாபம்?

இன்னொரு வழக்கு இதைவிடச் சுவாரசியமானது. நியூயார்க் மாநிலத்தில் நோல்ஸ் அணுசக்தி ஆய்வுக்கூடம். 1996ல் ஆட்களைக் குறைக்க வேண்டி வந்தது. சுமார் நூறு பேர் தொகை வாங்கிக்கொண்டு தாங்களாகவே போன பிறகும் முப்பது சொச்சம் பேரைக் குறைக்க வேண்டியிருந்தது. மேலாளர்கள் ஒவ்வோர் ஊழியருக்கும் மதிப்பெண் போட்டார்கள். செயல்திறனுக்கு இவ்வளவு, முக்கியத் திறமைக்கு இவ்வளவு, 'வளைந்துகொடுக்கும் தன்மை'க்கு இவ்வளவு. சர்வீஸுக்கும் தனி மதிப்பெண் உண்டு. பார்வைக்குக் குறையே சொல்ல முடியாத ஏற்பாடு. கூட்டிக் கழித்து 31 பேரை அனுப்பினார்கள். அவர்களில் 40 வயதைத் தாண்டியவர்கள் 30 பேர்!

வளைந்துகொடுக்கும் தன்மையை எந்த அளவுகோலால் அளப்பது? மேலாளரின் மனசுதான் அளவுகோல். 'புதிய தொழில்நுட்பத்துக்குப் பழக மாட்டார்', 'துடிப்பு இல்லை', 'இவருக்கு இந்த வேலை போதாது' என்பதெல்லாம் மதிப்பெண் தாளில் வயதை எழுதுவதற்கான வேறு வேறு எழுத்துருக்கள். 2008ல் இந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. இப்படி விளைவு ஒருபக்கமாகச் சாய்ந்தால், வயது அல்லாத நியாயமான காரணம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்று சொன்னது. அந்தச் சந்தோஷம் ஓராண்டுதான் நீடித்தது. 2009ல் க்ராஸ் வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் வேறொரு கதவைச் சாத்தினார்கள். வேண்டுமென்றே பாகுபாடு காட்டினார்கள் என்று வழக்குப் போடும் ஊழியர், வயதும் ஒரு காரணம் என்று காட்டினால் மட்டும் போதாது. வயது இல்லாவிட்டால் இந்த முடிவே எடுக்கப்பட்டிருக்காது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். முதலாளியின் மண்டைக்குள் புகுந்து பார்க்க ஊழியரிடம் என்ன கருவி இருக்கிறது?

ஒரே ஒரு கருவி இருந்தது. 1990ல் கொண்டுவந்த ஒரு திருத்தம். கூட்டமாக ஆட்களைக் குறைக்கும்போது, 'வயதுச் சட்டப்படி வழக்குப் போட மாட்டேன்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு இழப்பீடு கொடுப்பது வழக்கம். அப்படி வாங்க வேண்டுமானால் ஊழியருக்கு 45 நாள் யோசிக்க அவகாசம் தர வேண்டும், கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் மனம் மாறலாம். அதோடு, அந்தப் பிரிவில் யார் யார் நீக்கப்பட்டார்கள், யார் யார் தப்பித்தார்கள் என்று பதவியும் வயதும் போட்ட பட்டியல் ஒன்றைக் கையில் தர வேண்டும். பெயர் வேண்டாம், வயது போதும். 'மென்பொருள் பொறியாளர், வயது 52, நீக்கம். மென்பொருள் பொறியாளர், வயது 29, நீக்கமில்லை' என்று இரண்டு பக்கம் ஓடினால் போதும், மற்றதைப் படிப்பவரே புரிந்துகொள்வார்.

ஐ.பி.எம். என்ன செய்தது தெரியுமா? 2014 முதல் அந்தப் பட்டியலைத் தருவதையே நிறுத்திவிட்டது. வழக்குப் போட மாட்டேன் என்று எழுதி வாங்கினால்தானே பட்டியல் தர வேண்டும்? அதை எழுதி வாங்குவதை விட்டுவிட்டு, புகார் இருந்தால் தனித்தனியாக ரகசியமான நடுவர் விசாரணைக்குத்தான் வர வேண்டும், கூட்டாக வரக்கூடாது என்று எழுதி வாங்கியது. சட்டத்தின் ஒரு எழுத்தையும் மீறவில்லை, ஆனால் சட்டத்தின் உயிர் போய்விட்டது. தனியாக வந்த ஒருவரிடம் பட்டியல் இல்லை. பட்டியல் இல்லாதவருக்குத் தன் கதை மட்டும்தான் தெரியும். தன் கதை மட்டும் தெரிந்தவர் 'ஒருவேளை நமக்குத்தான் திறமை போதவில்லையோ' என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஆணி பிடுங்கிக் களைத்த இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு!

கம்பெனிகளை மட்டும் சொல்லிப் பயனில்லை, வணிகவியல் பாடப்புத்தகமே இந்த விஷயத்தில் அவர்கள் கட்சிதான். மனிதவளக் கணக்கியல் என்ற பாடத்தில் லெவ் - ஷ்வார்ட்ஸ் மாதிரி என்று ஒன்று வரும். 1971ல் வந்தது. பி.எச்.இ.எல்., இன்ஃபோசிஸ் போன்ற இந்திய நிறுவனங்கள் தங்கள் ஆண்டறிக்கையில் இதைப் பயன்படுத்தின என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எல்லோரும் எழுதியிருப்பார்கள். ஊழியரின் மதிப்பு என்ன? இன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை அவர் ஈட்டப்போகும் சம்பளத்தின் இன்றைய மதிப்பு. அவ்வளவுதான். ஓய்வு நெருங்க நெருங்கக் கூட்ட வேண்டிய ஆண்டுகள் குறையும், மதிப்பு சுருங்கும். கடைசி நாளில் பூஜ்யம். முப்பது வருட அனுபவத்தோடு இன்னும் ஓராண்டு வேலை பார்க்கப்போகிறவர், நேற்றுச் சேர்ந்த பயிற்சியாளரைவிட மலிவானவர் ஆகிவிடுகிறார். இயந்திரத்துக்குத் தேய்மானம் போடுவது போலத்தான் இதுவும். அவர் ஐந்து பேருக்குச் சொல்லிக்கொடுத்தது, நள்ளிரவில் சர்வர் விழுந்தபோது எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும் என்று அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது, இதற்கெல்லாம் சூத்திரத்தில் எழுத்தே இல்லை. சூத்திரத்தை மனப்பாடம் செய்யும் மாணவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நாளை அவர்கள்தான் மனிதவளத் துறையில் அந்த எக்செலைத் திறக்கப்போகிறவர்கள்.

சரி, இந்தியாவுக்கு வருவோம். இங்கே நிலைமை சுருக்கமாகச் சொல்லக்கூடியது: தனியார் துறையில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கப் பொதுவான சட்டம் கிடையாது. அரசியலமைப்பின் 15, 16ஆம் பிரிவுகளில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் எல்லாம் வரும், வயது வராது. அவையும் முக்கியமாக அரசைக் கட்டுப்படுத்துபவை.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் அமெரிக்கச் சட்டத்தைவிட நல்ல விதி ஒன்று இருந்தது. 25ஜி பிரிவு: கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும். வேறு யாரையாவது அனுப்பினால் அதற்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி தொடர்கிறது. மூத்தவருக்கு இதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும்?

கேட் எங்கே பூட்டியிருக்கிறது என்றால், 'தொழிலாளி' என்ற சொல்லில். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் தொழிலாளி அல்ல. மேற்பார்வை செய்துகொண்டு மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரும் தொழிலாளி அல்ல. ஐ.டி. கம்பெனியில் பதினைந்து வருடம் இருந்தவருக்கு 'மேனேஜர்' என்று ஏதாவது ஒரு பட்டம் வந்தே தீரும். பதவி உயர்வு என்று ஸ்வீட் வாங்கிக் கொடுத்திருப்பார், அன்றைக்கே சட்டத்தின் கூரையிலிருந்து வெளியே வந்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. தொழிலாளி என்று வாதாடக் கூடியவரிடமும் பணிநீக்கக் கடிதம் கொடுப்பதில்லை. ஓர் அறைக்குக் கூப்பிட்டு, நீங்களே ராஜினாமா செய்துவிட்டால் அடுத்த கம்பெனிக்கு நல்ல சான்றிதழ் கிடைக்கும் என்கிறார்கள். ராஜினாமா செய்தவரைச் சட்டம் ஆட்குறைப்பில் சேர்ப்பதில்லை.

2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலையில் இருப்பவர்கள் என்று அறிவிப்பிலேயே இருந்தது. காரணம், திறன் பொருந்தாமை. இருக்கலாம். ஒரு தனியார் நிறுவனம் ஆட்களே குறைக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வேலை இல்லாத இடத்தில் ஆளை வைத்துக்கொள்ளச் சொல்வது நடவாத காரியம். ஆனால் திறன் பொருந்தாமை எப்போதும் நடுவிலும் மேலேயும் மட்டும் ஏன் வருகிறது? பொருந்தாதவர்களின் வயது என்ன, பொருந்தியவர்களின் வயது என்ன? இதைக் கேட்க இந்தியாவில் யாருக்கும் உரிமை இல்லை.

ஓர் ஒப்பீட்டுக்கு, பி.எஸ்.என்.எல்.லின் 2019 விருப்ப ஓய்வுத் திட்டத்தைப் பாருங்கள். 50 வயது ஆனவர்களுக்கு மட்டும் என்று வெளிப்படையாகவே போட்டார்கள். 78,000க்கும் மேற்பட்டவர்கள் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் வெளியே வந்தார்கள். சம்பள பாக்கி நிலவிய நேரத்தில் அது எவ்வளவு 'விருப்பம்' என்பது தனி விவாதம். ஆனாலும் வயது என்ன, தொகை என்ன என்று காகிதத்தில் இருந்தது. தனியாரில் அந்தக் காகிதமும் இல்லை.

'கிழவர்கள் போனால்தானே இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும்?' கல்லூரி கேன்டீனில் இதைச் சொல்லாத ஆள் குறைவு. டவுன் பஸ்ஸில் ஒருவர் இறங்கினால் ஒருவருக்கு சீட் என்ற கணக்கு. வேலைச் சந்தை டவுன் பஸ் அல்ல. மேலே சொன்ன ஆறு புதியவர்கள் காகிதத்தில் மட்டும் வரலாம், வேலையை மீதி இருப்பவர்கள் தலையில் கட்டிவிட்டு அந்த சீட்டையே எடுத்துவிடவும் செய்யலாம். ஆறு பேர் வந்தாலும் அவர்கள் வாங்கப்போவது என்ன? பெரிய ஐ.டி. கம்பெனிகளில் புதிதாகச் சேரும் பட்டதாரிக்கு ஆண்டுக்கு மூன்றரை லட்சம் என்பது பத்துப் பன்னிரண்டு வருடங்களாகப் பெரிதாக மாறவில்லை. இதற்குள் சென்னையில் வீட்டு வாடகை எங்கே போயிற்று? மூத்தவரை விலை உயர்ந்தவர் என்று விரட்டுவதும், இளையவரை விலை மலிவானவர் என்று எடுப்பதும் ஒரே கணக்கின் பற்றும் வரவும். மலிவாக இருப்பதால் உள்ளே வந்தவர், மலிவாக இல்லாமல் போகும் நாளில் என்ன ஆவார்?

அந்த நாள் வீட்டில் எப்படி இருக்கும் என்பதையும் பார்த்துவிடலாம். 48 வயது. வீட்டுக் கடன் இன்னும் எட்டு வருடம் பாக்கி. மகள் கல்லூரி இரண்டாமாண்டு. கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸில் எழுபத்தைந்து வயது அம்மாவும் சேர்ந்திருந்தார், கடைசி வேலைநாளோடு அது முடிந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள அவருக்குத் தனி பாலிசி எடுத்தால் பிரீமியம் கண்ணைக் கட்டும், காத்திருப்புக் காலம் வேறு. வருங்கால வைப்பு நிதியின் ஓய்வூதியம் 58ல், குறைத்து வாங்கிக்கொள்வதானாலும் 50 ஆக வேண்டும். நாக்ரியில் பயோடேட்டா ஏற்றினால், இருபது வருட அனுபவம் என்று பார்த்ததும் அழைப்பு வருவதில்லை. கல்லூரி முடித்த வருடத்தை பயோடேட்டாவிலிருந்து அழித்துவிடுங்கள் என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. காலையில் வழக்கம்போல் டிபன் பாக்ஸோடு கிளம்பி, மாலை வரை நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வருபவர்கள் உண்டு, அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாதென்று.

செய்யக்கூடியது என்ன என்று கேட்டால், அதற்குப் பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். இந்தியப் பங்குச் சந்தைகளில் சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் இருக்கும் நிறுவனங்கள் 2022-23 முதல் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற பொறுப்பறிக்கையைக் கட்டாயம் தர வேண்டும் என்பது செபியின் உத்தரவு. அதில் நிரந்தர ஊழியர்கள் வேலையை விட்டுப் போகும் விகிதத்துக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. ஆண், பெண், மொத்தம் என்று மூன்று நெடுவரிசை, மூன்று ஆண்டுகளுக்கு. அதே அட்டவணையில் 30க்குக் கீழ், 30 முதல் 45, 45க்கு மேல் என்று வயதையும் சேர்த்தால் போதும். ராஜினாமா என்று பெயர் போட்டாலும் போனவர்களின் வயதை மறைக்க முடியாது. இதற்குச் செலவு? சம்பளப் பட்டுவாடா மென்பொருளில் எல்லோருடைய பிறந்த தேதியும் ஏற்கெனவே இருக்கிறது. பி.எஃப். பிடிக்க அது வேண்டும் அல்லவா?

இரண்டாவது, காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்ற 25ஜி விதியை 'மேனேஜர்' பட்டம் போட்டவர்களுக்கும் நீட்டிப்பது. மூத்தவரை அனுப்பவே கூடாது என்பதல்ல கோரிக்கை. ஏன் அவர், ஏன் இன்னொருவர் இல்லை என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுத்தில் போட வேண்டும் என்றாலே பாதிப் பேர் யோசிப்பார்கள்.

சட்டம் மாறும் வரை, கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் ஆடிட்டோரியத்தில் ஒரு மணி நேரம் ஸ்லைடு போட்டுப் பேசுகிறது. கடைசியில் 'எனி கொஸ்டின்ஸ்?' என்று கேட்பார்கள். பாண்ட் எத்தனை வருஷம், ஆன்சைட் எப்போது என்று இரண்டு கைகள் தூக்கும். உங்கள் கம்பெனியில் 50 வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர், போன வருடம் அவர்களில் எத்தனை பேர் வெளியே போனார்கள் என்று மூன்றாவதாக ஒரு கை தூக்கிக் கேட்கட்டும். மேடையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.